இனி சந்தாவை யார் கட்டுவது? உள்துறை, சுகாதார அமைச்சுகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உள்துறை அமைச்சர், சுகாதார அமைச்சர் இருவருக்கும்,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற காப்புறுதி முகவர். இந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்கும் அவசர வேலை ஒன்று நினைவுக்கு வந்துவிடும், அது எனக்குப் பழகிப்போன விஷயம். கவலை வேண்டாம், விற்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை. சிங்கப்பூரில் ஈசூன், உட்லண்ட்ஸ் வட்டார வீடுகளில் சாப்பாட்டு மேசை ஓரமாக உட்கார்ந்து, அடுத்தவர் வீட்டுக் காப்புறுதித் தாள்களைப் படித்து விளக்கிச் சொன்னதுதான் என் தொழில் வாழ்க்கை. வேலையை விட்டாலும் தாள்களைப் படிக்கும் பழக்கம் விடவில்லை. அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். தீயணைப்பு வீரர், துணை மருத்துவர், போலிஸ் அதிகாரி என்று ஆபத்துக்கு முதலில் ஓடுகிறவர்கள் பணியில் உயிர் துறந்தால், அவர்கள் விட்டுச் செல்லும் குடும்பத்தின் மருத்துவக் காப்புறுதிச் சந்தாவை அரசாங்கம் ஏற்க வேண்டும். இழப்பீடு வேறு, இது வேறு. ஒரு முறை கொடுத்து முடிக்கும் தொகையாக இல்லாமல், ஆண்டுதோறும், அந்தக் குடும்பத்தினர் வாழும் காலம் வரை.

2022 டிசம்பர் 8 அன்று ஹெண்டர்சன் ரோடு புளோக் 91-இல் ஒரு வீடு தீப்பற்றியது. அணைக்கப் போன 19 வயது முழுநேர தேசிய சேவையாளர், அதாவது சட்டப்படி கட்டாயச் சேவையில் இருந்தவர், உயிரிழந்தார். தீயணைப்பையும் அவசர ஆம்புலன்ஸையும் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படை, தீயணைப்புப் பணியில் ஒருவரை இழந்தது அதுவே முதல் முறை. 2024 மே மாதம் இன்னொருவர், கப்பலின் இயந்திர அறையில் மூண்ட தீயை அணைக்கும் பணியில் ஈடுபட்ட 30 வயது கேப்டன். இருவர் பெயரும் நாடறிந்ததுதான். ஆனாலும் சந்தாக் கணக்கு பேசும் ஒரு மடலில் அந்தக் குடும்பங்களை இழுக்க எனக்கு விருப்பமில்லை. அவர்களுக்கு என்ன செய்யப்பட்டது என்பது அவர்களுக்கும் உங்களுக்கும் இடையிலானது. நான் பேசுவது விதியைப் பற்றி. அடுத்து ஒரு குடும்பத்துக்கு இப்படி நேர்ந்தால் (நேரக்கூடாது) அவர்கள் யாரையும் கேட்காமலே கிடைக்க வேண்டியதைப் பற்றி.

இழப்பீடு இருக்கிறதே என்று சொல்வீர்கள். இருக்கிறது. வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் குடிமைத் தற்காப்புப் படை, போலிஸ், சிறைத்துறை, மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு ஆகியவற்றின் சீருடை அதிகாரிகளுக்குப் பொருந்தாது. அவர்களுக்குத் தனி விதிகள் உண்டு. தேசிய சேவையாளர்களுக்கு அரசாங்கச் செலவில் அடிப்படைக் குழுக் காப்புறுதியும் இருக்கிறது. சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் மத்திய சேம நிதி வழியாக வரும் சார்ந்திருப்போர் பாதுகாப்புத் திட்டம் 60 வயதுக்குள் இறப்பவருக்கு 70,000 வெள்ளி தருகிறது. ஆனால் அது தானாகத் தொடங்குவது 21 வயதில். ஹெண்டர்சன் ரோட்டுக்குப் போன பிள்ளைக்கு 19.

இந்தத் தொகைகள் எல்லாமே இறப்புக்கானவை. இறந்தவரைச் சார்ந்து வாழ்ந்தவர்களின் நோய்க்கானவை அல்ல. இறப்பு ஒரு நாள் நடக்கிறது, தொகையும் ஒரு முறை வருகிறது. நோய் அப்படி வருவதில்லை. மனைவிக்கு ஏழு வருடம் கழித்து மார்பில் கட்டி வரலாம். அப்பாவுக்கு எழுபதாவது வயதில் சிறுநீரகம் பழுதாகலாம். அதற்குள் அந்தத் தொகை வீட்டுக் கடனுக்கும், தம்பியின் படிப்புக்கும், சொந்தக்காரர் யாரோ சொன்ன வியாபாரத்துக்கும் போயிருக்கும். பெரிய தொகை ஒரு வீட்டுக்குள் வந்தால் அது எப்படிக் கரையும் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். குடும்பத்தைக் குறை சொல்ல முடியாது. துக்கத்தில் இருப்பவர்களிடம் முப்பது வருட மருத்துவச் செலவுக்குத் திட்டம் போடு என்று யார் சொல்வது?

இனி, காப்புறுதித் தாளைப் படித்தவர்களுக்கு மட்டும் தெரியும் ஒரு சங்கதி. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

சிங்கப்பூர்க் குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவருக்கும் 2015 நவம்பர் முதல் மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படை மருத்துவக் காப்புறுதி இருக்கிறது. வாழ்நாள் முழுதும் உண்டு, ஏற்கெனவே நோய் இருப்பவருக்கும் உண்டு. அதற்காக அரசாங்கத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். ஆனால் அது பொது மருத்துவமனையின் மானியம் உள்ள பி2, சி வகுப்பு வார்டுகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அதற்கு மேல் வேண்டும் என்பவர்கள் தனியார் நிறுவனத்திடம் ஒருங்கிணைந்த காப்புறுதித் திட்டம் எடுக்கிறார்கள். அந்தக் கூடுதல் சந்தாவை மெடிசேவ் (மத்திய சேம நிதியின் மருத்துவச் சேமிப்பு) கணக்கிலிருந்து வயதுக்கேற்ப ஆண்டுக்கு 300, 600 அல்லது 900 வெள்ளி வரை கட்டலாம். அதற்கு மேல் போனால் கைக்காசு. நோயாளி கட்ட வேண்டிய பங்கைக் குறைக்கும் துணைத் திட்டமும் எடுத்திருந்தால் அது முழுக்கக் கைக்காசுதான்.

நம் வீடுகளில் இந்தச் சந்தாவை யார் கட்டுகிறார்கள்? பெரும்பாலும் சம்பாதிக்கும் பிள்ளை. பெற்றோர், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் சந்தாக்களைத் தன் மெடிசேவிலிருந்து கட்ட விதி இடம் கொடுக்கிறது. வேலைக்குச் சேர்ந்த மறுமாதம் "அம்மா, உன் காப்புறுதியை இனி நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லும் பிள்ளைகளை எத்தனையோ மேசைகளில் பார்த்திருக்கிறேன். முகவர் தொழிலில் நான் மிகவும் ரசித்த தருணம் அதுதான், சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பிள்ளை இறந்தால் மெடிசேவ் கணக்கு மூடப்படும். அதில் இருந்தது மத்திய சேம நிதியின் மற்றப் பணத்தோடு நியமனதாரர்களுக்கு ரொக்கமாகப் போகும். (நியமனம் செய்தவர் அப்புறம் திருமணம் செய்திருந்தால் பழைய நியமனம் செல்லாது. இது தெரியாதவர்கள் ஏராளம். அது தனி மடலுக்கான விஷயம்.) அடுத்த ஆண்டு அம்மாவின் சந்தா நாள் வரும்போது, பணம் எடுக்க வேண்டிய கணக்கே இருக்காது. மெடிஷீல்டு லைஃப் அதற்காக அறுந்துபோகாது. தனியார் பகுதி அறுந்துபோகும். சலுகைக் காலம் என்று கொஞ்ச நாள் கொடுப்பார்கள், கடிதம் அனுப்புவார்கள், அப்புறம் திட்டம் காலாவதியாகிவிடும்.

காலாவதியான திட்டத்தை மறுபடி எடுப்பது புதிதாக எடுப்பதற்குச் சமம். உடல்நிலை அறிவிப்பு கொடுக்க வேண்டும். இடைப்பட்ட வருடங்களில் நீரிழிவு வந்திருந்தால், இரத்தக் கொதிப்பு வந்திருந்தால், இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தால், அவையெல்லாம் ஏற்கெனவே உள்ள நோய்கள். விலக்கு எழுதுவார்கள், அல்லது விண்ணப்பத்தையே மறுப்பார்கள். எந்த நோய்க்காகக் காப்புறுதி தேவையோ அந்த நோய்க்கு மட்டும் காப்புறுதி கிடையாது என்றாகிவிடும்.

என் வாடிக்கையாளர் வீடு ஒன்றில் இது நடந்தது. சீருடைக் குடும்பம் அல்ல, மகன் பேருந்து ஓட்டுநர். நாற்பதுகளில் மாரடைப்பில் போய்விட்டார். அம்மாவின் திட்டத்துக்கு அவர்தான் சந்தா கட்டிவந்தார். காப்புறுதி நிறுவனம் நினைவூட்டல் கடிதங்களை அனுப்பியது, சந்தா கட்டும் மகன் பெயருக்கு. நான் போய்ப் பார்த்தபோது அவை பிரிக்கப்படாமல் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தன. "அவன் பேரு போட்ட கடிதத்தைக் கிழிக்க மனசு வரல தம்பி" என்றார் அந்த அம்மா. நிறுவனம் விதிப்படிதான் நடந்தது. மறுபடி விண்ணப்பித்தோம். இதயத்துக்கும் நீரிழிவுக்கும் விலக்கோடு ஒரு திட்டம் கொடுத்தார்கள். பதினைந்து வருடம் சந்தா கட்டி வந்த திட்டத்துக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

அந்த வீட்டில் இதற்கு யாரும் பொறுப்பேற்க முடியாது. மாரடைப்புக்கு யாரைக் கேட்பது? ஆனால் அந்த மகன், நாட்டின் ஆணையை ஏற்று எரியும் வீட்டுக்குள் போனவராக இருந்திருந்தால்? கடிதம் யார் பெயருக்கு வர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் அமைச்சின் பெயருக்கு வர வேண்டும்.

தேசிய சேவை விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. உலகின் பல நாடுகளில் இப்படிப்பட்ட சலுகைகளை எழுதும்போது துணைவர், பிள்ளைகள் என்று எழுதுகிறார்கள். அங்கெல்லாம் தீயணைப்பு என்பது வேலை, வேலைக்குப் போகிறவர் பெரும்பாலும் குடும்பஸ்தர். இங்கே 19 வயதுப் பையனைச் சட்டம் கூப்பிடுகிறது. அவனுக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அவன் விட்டுச் செல்லும் குடும்பம் என்பது ஐம்பதை ஒட்டிய அப்பாவும் அம்மாவும், ஒருவேளை பள்ளியில் படிக்கும் ஒரு தங்கையும். அவன் இன்னும் அவர்கள் சந்தாவைக் கட்டத் தொடங்கவே இல்லை. ஆகவே கணக்குப் பார்ப்பவர் "பெற்றோர் அவனைச் சார்ந்திருக்கவில்லை" என்று எழுதிவிட முடியும். தாளில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் வயது ஏற ஏறச் சந்தாவும் ஏறும் ஒரு நாட்டில், அந்தப் பெற்றோர் இழந்தது அடுத்த முப்பது வருடம் சந்தா கட்டியிருக்கக்கூடிய மகனை. ஆகவே நம் நாட்டு விதியில் பெற்றோர் முதல் வரியில் வர வேண்டும். சார்ந்திருந்தார்களா என்ற கேள்வியே கேட்கப்படக் கூடாது.

துணைவர் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1997-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பணியில் கொல்லப்பட்ட அல்லது மீள முடியாத படுகாயமடைந்த போலிஸ், தீயணைப்பு ஊழியர்களின் குடும்பத்துக்கு, அவர்களை வேலைக்கு வைத்திருந்த நகராட்சியே மருத்துவக் காப்புறுதிச் சந்தா முழுவதையும் கட்ட வேண்டும். பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தால் 25 வயது வரை நீளும். நல்ல சட்டம். ஆனால் இத்தகைய சட்டங்களில் அடிக்கடி ஒரு வரி ஒளிந்திருக்கும்: துணைவர் மறுமணம் செய்தால் சலுகை நிற்கும். அந்த வரியைத் தயவுசெய்து இங்கே இறக்குமதி செய்யாதீர்கள். முப்பது வயதில் கணவனை இழந்தவள் நாற்பதில் மறுபடி ஒரு துணையைத் தேடிக்கொண்டால், முதல் கணவர் நாட்டுக்காக உயிர் கொடுத்தது பொய்யாகிவிடுமா? நம் சமூகத்தில் ஒரு விதவை மறுமணம் செய்ய ஏற்கெனவே ஆயிரம் பேரிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. அந்த வரிசையில் காப்புறுதி விதியும் வந்து நிற்க வேண்டாம்.

பிள்ளைகளுக்குப் படிப்பு முடியும் வரை என்பது நியாயமான எல்லை. மகனாக இருந்தால் தேசிய சேவை முடித்துப் படிப்பைத் தொடங்குவான், அதையும் கணக்கில் சேருங்கள். அப்பாவைத் தீயில் இழந்த பையன் அதே படையில் சேவை செய்ய அழைக்கப்படலாம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, மனநலம். மருத்துவமனையில் படுத்தால் மனநோய்க்கும் மெடிஷீல்டு லைஃப் உண்டு. மன அழுத்த நோய், பதற்ற நோய் போன்றவை நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இருப்பதால் வெளிநோயாளிச் சிகிச்சைக்கு மெடிசேவையும் பயன்படுத்தலாம். ஆனால் துக்கம் எந்தப் பட்டியலிலும் இல்லை. தூங்க முடியாத தாய்க்கும், பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளைக்கும் முதலில் தேவைப்படுவது மருந்து அல்ல, வாரம் ஒரு முறை உட்கார்ந்து பேச ஓர் ஆலோசகர். படையின் ஆலோசகர்கள் தொடக்கத்தில் வருவார்கள் என்று நம்புகிறேன். இரண்டாவது வருடத்தில்தான் அது அதிகம் தேவைப்படும்.

அடுத்து நான் சொல்லப்போவது உங்களுக்குச் சிக்கலாக இருக்கும், ஆனால் விட முடியாது. "பணியில் இறந்தார்" என்றால் எப்போது இறந்தவர்?

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் தீயணைப்புத் துறை ஒரே நாளில் 343 பேரை இழந்தது. அன்றைய தூசியையும் புகையையும் சுவாசித்து, பின்னர் நோயுற்று இறந்த அதே துறையினரின் எண்ணிக்கை 2023 செப்டம்பரில் 343-ஐ எட்டியது. இரண்டாவது 343 பேரில் யாரும் கட்டடம் இடிந்து இறக்கவில்லை. மருத்துவமனைக் கட்டிலிலும் வீட்டுப் படுக்கையிலும் இறந்தார்கள். 2022-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, தீயணைப்புப் பணியில் உடலுக்கு நேரும் தாக்கம் மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று வகைப்படுத்தியது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் அதே முதல் பிரிவில். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும், ஆஸ்பெஸ்டாஸோடு நாம் வழக்கமாகத் தொடர்புபடுத்தும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்கும் போதிய சான்று இருப்பதாகச் சொன்னது.

ஆக, இருபத்தைந்து வருடம் தீயணைத்து, ஓய்வுபெற்று, அறுபது வயதில் சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் இறப்பவர் பணியில் இறந்தவரா இல்லையா? நிரூபி என்று அவர் மனைவியிடம் சொன்னால், எந்த ஆண்டில் எந்தத் தீயில் எந்தப் புகை என்று அவர் எப்படி நிரூபிப்பார்? அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். குறிப்பிட்ட பணியில் இருந்தவருக்குக் குறிப்பிட்ட நோய் வந்தால், பணியால் வந்தது என்றே எடுத்துக்கொள்வது. இல்லை என்று நிரூபிப்பது அரசாங்கத்தின் வேலை. மாரடைப்புக்கும் அப்படி ஒன்று உண்டு: 2003-இல் அங்கே நிறைவேறிய சட்டத்தின்படி, கடும் பணிக்குப் பிறகு 24 மணி நேரத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்து இறந்தால், அது பணியில் நேர்ந்த இறப்பாகவே கொள்ளப்படும். நம் ஊர் வெயிலில், முழுப் பாதுகாப்பு உடையும் காற்றுக் கலனும் சுமந்து படியேறும் உடம்புக்கு அந்தச் சலுகை அதிகமல்ல.

செலவு? சுகாதார அமைச்சில் இருப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும், கேட்பதும் சரிதான். பதிலும் உங்களிடமே இருக்கிறது. 2014-இல் முன்னோடித் தலைமுறைத் தொகுப்பை அறிவித்தீர்கள். 1949-க்குள் பிறந்த ஏறத்தாழ 450,000 பேருக்கு, மெடிஷீல்டு லைஃப் சந்தாவில் 40 முதல் 60 விழுக்காடு வாழ்நாள் மானியம். ஆண்டுதோறும் மெடிசேவில் நிரப்புத்தொகை. அதற்காக 8 பில்லியன் வெள்ளியை முன்கூட்டியே ஒதுக்கி வைத்தீர்கள். பின்னர் 1950களில் பிறந்தவர்களுக்கு மெர்டேக்கா தலைமுறைத் தொகுப்பு. வருமானச் சோதனை இல்லை, விண்ணப்பம் இல்லை, அட்டை வீட்டுக்கு வந்தது. என் அம்மாவுக்கும் வந்தது. இன்ன பிரிவினருக்கு நாடு கடமைப்பட்டிருக்கிறது, ஆகவே அவர்கள் மருத்துவச் செலவில் வாழ்நாள் முழுதும் பங்கேற்கும் என்ற கொள்கையை நீங்கள் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டீர்கள். அதைச் செயல்படுத்தும் கணினி முறையும் இருக்கிறது. 450,000 பேருக்கு ஓடிய முறையில் இன்னும் சில குடும்பங்களைச் சேர்ப்பதை நான் ஒரு செலவாகவே பார்க்கவில்லை. நம் படைகள் பயிற்சியிலும் பாதுகாப்பிலும் கவனமாக இருப்பதால், இந்தப் பட்டியல் எப்போதும் குட்டையாகவே இருக்கும். இருக்க வேண்டும்.

நன்கொடை திரட்டலாமே என்று யாராவது சொல்வார்கள். 2003-இல் சார்ஸ் வந்தபோது இந்த ஊரில் 33 பேர் இறந்தார்கள். அவர்களில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களும் தாதியரும் இருந்தார்கள். அப்போது மக்கள் மனமுவந்து கொடுத்ததில் உருவானதுதான் கரேஜ் ஃபண்ட். கொவிட் காலத்திலும் அது உதவியது. நல்ல காரியம், நானும் கொடுத்தேன். ஆனால் நிதி என்பது நாடே அழுதுகொண்டிருக்கும் வாரத்தில் நிறையும். செய்தியில் வராத இறப்புக்கு நிறையாது. குடும்பம் விண்ணப்பம் எழுத வேண்டும், குழு ஒன்று கூடிப் பார்க்க வேண்டும், நன்றி சொல்ல வேண்டும். பிள்ளையைக் கொடுத்தவர்கள் நன்றி சொல்ல வேண்டிய நிலை வரக் கூடாது.

இந்த மடலைத் தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

2025 ஏப்ரல் 8 அன்று ரிவர் வேலி ரோட்டில் ஒரு கடைவீட்டில் தீப்பிடித்து, மேல்மாடியில் பிள்ளைகள் மாட்டிக்கொண்டார்கள். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த வெளிநாட்டு ஊழியர்கள் சாரக்கட்டையும் ஏணியையும் வைத்து ஏறி அவர்களை இறக்கினார்கள். அதே ஆண்டு ஜூலை 26 அன்று தஞ்சோங் காத்தோங் சவுத் ரோட்டில் சாலை உள்வாங்கி, ஒரு கார் ஓட்டுநரோடு குழிக்குள் விழுந்தது. பக்கத்து வேலையிடத்திலிருந்த ஊழியர்கள் நைலான் கயிறு போட்டு அந்தப் பெண்ணை மேலே இழுத்தார்கள். இரண்டு இடங்களிலும் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். குழியருகே கயிறு பிடித்தவர்களின் மேற்பார்வையாளர் இருபது ஆண்டுகளுக்கு மேல் இங்கே உழைப்பவர். மனிதவள அமைச்சு அவர்களுக்கு நாணயம் கொடுத்துப் பாராட்டியது. அதிபரும் தன் மாளிகையான இஸ்தானாவுக்கு அழைத்தார். நல்லது. மனம் நிறைந்தது.

ஆனால் அந்தக் கயிறு அறுந்திருந்தால்?

வேலை அனுமதி வைத்திருப்பவருக்கு முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு. அது ஊழியருக்கு மட்டும். ஊரில் இருக்கும் மனைவிக்கும் அப்பாவுக்கும் அதில் இடமில்லை. வேலையில் இறந்தால் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டப்படி, 2025 நவம்பரிலிருந்து 91,000 முதல் 269,000 வெள்ளி வரை. ஆனால் அந்தச் சட்டம் வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் நேர்ந்த விபத்தைத்தான் பார்க்கிறது. சாலையில் விழுந்த காரிலிருந்து யாரோ ஒரு பெண்ணைத் தூக்குவது ஒரு கட்டுமானத் தொழிலாளியின் வேலையா? வழக்கறிஞர்கள் அதைப் பேசி முடிப்பதற்குள் ஊரில் ஒரு வருடம் ஓடிவிடும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மகன் சிங்கப்பூரில் சம்பாதித்த வரை அந்த வீடு அந்தக் கோட்டுக்கு மேலே இருந்திருக்கும். அவன் போன பிறகு, வருமானச் சான்றிதழுக்காகக் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் நிற்க வேண்டும்.

சீருடைக்கும் சீருடை இல்லாததற்கும் வித்தியாசம் உண்டுதானே என்பீர்கள். உண்டு. ஆனால் அந்தக் கோட்டை அழித்தது நான் இல்லை. 2015 முதல் குடிமைத் தற்காப்புப் படையின் மைரெஸ்பாண்டர் செயலி வழி, 400 மீட்டர் சுற்றளவில் யாருக்காவது இதயம் நின்றால் பக்கத்தில் இருக்கும் பொதுமக்களை நீங்கள்தான் அழைக்கிறீர்கள். சிறு தீ விபத்துகளுக்கும் அழைக்கிறீர்கள். வந்து நிற்பவரைச் சமூக முதல்நிலை உதவியாளர் என்று பெயரிட்டுப் பாராட்டுகிறீர்கள். ஜூரோங் தீவின் ரசாயன ஆலைகளில் முதலில் குழாயைத் தூக்குவது ஆலையின் சொந்த அவசரகாலக் குழு, அதில் இருப்பவர்கள் அந்த ஆலையின் ஊழியர்களே. சாலைச் சந்திப்பில் நிற்கும் துணைப் போலிஸ்காரர் மலேசியராக இருக்கலாம். தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் எந்த நாட்டவராகவும் இருக்கலாம். அவர்கள் ஓடும்போது அடையாள அட்டையின் நிறம் பார்க்கவில்லை. இறந்தால் மட்டும் பார்ப்பதா?

இவர்களுக்கு மெடிஷீல்டு லைஃப் கொடுக்க முடியாது என்பது எனக்குப் புரிகிறது, குடும்பம் இங்கே இல்லை. வேறு வழி இருக்கிறது. மருத்துவச் செலவுக்கென்றே ஒரு தொகையை ஆண்டுத் தவணையாக, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு, ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு அனுப்பலாம். ஒட்டுமொத்தமாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

ஆகவே நான் கேட்பது. இறப்பு நடந்த நாளிலிருந்து, அந்தக் குடும்பத்தில் யார் யார் மெடிஷீல்டு லைஃபிலும் ஒருங்கிணைந்த திட்டத்திலும் இருக்கிறார்களோ அவர்கள் சந்தா எல்லாவற்றையும் உள்துறை அமைச்சு ஏற்கட்டும். குடும்பம் விண்ணப்பிக்க வேண்டாம், அமைச்சே காப்புறுதி நிறுவனங்களுக்கு எழுதட்டும். எந்தத் திட்டமும் ஒரு நாள்கூட இடையில் அறுந்துபோகாதபடி அந்த நிறுவனங்களோடு முன்கூட்டியே உடன்பாடு வைத்துக்கொள்ளுங்கள். தனியார் திட்டம் இல்லாதவர்களுக்கு, உடல்நிலை கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் ஒரு குழுத் திட்டம். படைகளுக்கென்று குழுக் காப்புறுதியைப் பேரம் பேசிய அனுபவம் உங்களுக்கு உண்டு, அது பெரிய காரியமில்லை. பெற்றோருக்கும் துணைவருக்கும் வாழ்நாள் வரை, பிள்ளைகளுக்குப் படிப்பு முடியும் வரை, மறுமணத்துக்கு அபராதம் இல்லாமல். பின்னாளில் புற்றுநோயில் இறக்கும் தீயணைப்பாளர்களுக்கு எந்தெந்த நோய், எத்தனை ஆண்டுப் பணி என்று ஒரு பட்டியல். இவையெல்லாம் நல்லெண்ணத்தின் அடிப்படையில் இல்லாமல் குடிமைத் தற்காப்புச் சட்டத்திலும் போலிஸ் சட்டத்திலும் எழுதப்பட வேண்டும். நல்லெண்ணம் உள்ள அதிகாரி வேறு பிரிவுக்கு மாறிப் போய்விடுவார், சட்டம் மாறிப் போகாது.

இன்னும் ஒரு சின்னக் கோரிக்கை. அந்தக் குடும்பத்துக்கு ஒரே ஓர் அதிகாரியை நியமியுங்கள். அவருடைய கைப்பேசி எண் அவர்களிடம் இருக்கட்டும். காப்புறுதி நிறுவனம், மத்திய சேம நிதிக் கழகம், மருத்துவமனைக் கட்டணப் பிரிவு, வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்று நாலு இடத்தில் நாலு முறை "என் மகன் இறந்துவிட்டான்" என்று அந்த அம்மா சொல்ல நேரக் கூடாது. இறந்தவர் பெயருக்கு வரும் கடிதங்கள் எல்லாம் அந்த அதிகாரியின் மேசைக்குப் போகட்டும். தமிழோ மலாயோ சீனமோ, குடும்பம் வீட்டில் பேசும் மொழியில் அவரால் பேச முடிந்தால் இன்னும் நல்லது.

இந்த மடலின் நகலை என் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் கொடுக்கப் போகிறேன். அவர் கேட்கக்கூடிய கேள்வியை இங்கேயே எழுதிவிடுகிறேன், நாடாளுமன்றத்தில் எழுப்ப அவருக்கும் வசதியாக இருக்கும்: பணியில் உயிர் துறந்த ஒருவர் தன் பெற்றோருக்கும் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் கட்டிவந்த மருத்துவக் காப்புறுதிச் சந்தாவை, அவர் இறந்த மறுமாதத்திலிருந்து கட்டுவது யார்? எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி?

பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காப்புறுதி முகவர் ஒருவர்,
ஈசூன்